மூன்று கம்பளியும் ஒரு கட்டுப் புல்லும்

2024 ஜனவரி 13, சனி. செங்கலடியிலிருந்து மேலே

விடிய நாலரைக்குச் செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு தயிர்ச் சட்டி. மலைநாட்டுக்குப் போகிற மட்டக்களப்பான் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாடு வளர்க்கிற நண்பன் வீட்டுக்கா தயிர் கொண்டுபோவது என்று கேட்டதற்கு, "அவங்கட பசுமாடு வேற, எங்கட எருமை வேற" என்று வாயை அடைத்துவிட்டார்.

கரடியனாறு தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டில் மாடுகள். இருபத்தைந்துக்குக் குறையாது. தார் ரோட்டின் நடுவே, சொந்தக் கட்டில் போலப் படுத்துக் கிடந்தன. சாரதி ஹோனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. வாயிலும் கொஞ்சம் வந்தது, அதை எழுத முடியாது. மாடுகள் தங்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் எழுந்து வழிவிட்டன. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

லுணுகலை, பசறை வளைவுகளில்தான் சட்டி வேலையைக் காட்டியது. வாயைக் கட்டியிருந்த கயிறு தளர்ந்து தயிர்த் தண்ணீர் காற்சட்டையில் இறங்கியது. பக்கத்திலிருந்த சிங்கள அம்மா ஒருவர், "அனே புதா" (ஐயோ மகனே) என்று சொல்லிக்கொண்டே தன் பையிலிருந்த பழைய பேப்பரையும் ஒரு பொலித்தீன் பையையும் எடுத்து, என்னைக் கேட்காமலே சட்டிக்கு ஒரு கட்டுப் போட்டார். பதுளை வரைக்கும் அதில் ஒரு கையையும் வைத்திருந்தார். இறங்கும்போது நன்றி சொன்னேன். சட்டியைத்தான் பார்த்துச் சிரித்தார், என்னை அல்ல.

பதுளையில் இஞ்சி போட்ட பிளேன்டீ 50 ரூபாய், உழுந்து வடை 60. வடை நேற்றையது. வெலிமடை தாண்டி ஹக்கலை வந்தபோது பஸ்ஸுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளைப் புகார் மூட்டம் மட்டும். நுவரெலியாவில் இறங்கியதும் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. கடல் மட்டத்தில் வளர்ந்த உடம்பை ஒரே நாளில் 1,868 மீற்றருக்குத் தூக்கினால் வேறு என்ன செய்யும்?

நண்பன் ஓட்டோவோடு நின்றான். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க வந்தவன், நான் கலைப்பீடம். வந்தாறுமூலையில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். கந்தப்பளைக்கும் இராகலைக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் வீடு. "உங்கட மாடு எங்க மேயுது? நாளைக்குக் காட்டு" என்றேன். என் மனதில் கலண்டர் படம் ஒன்று இருந்தது: பச்சைச் சரிவு, கறுப்பு வெள்ளை மாடு, மேலே நீல வானம்.

"மேயுறதா?" என்று சிரித்தான். "மச்சான், எங்க மாடு வெளியிலேயே வராது."

ஜனவரி 14, ஞாயிறு. புல்

லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், தொங்கல் வீடு. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, உள்ளே காம்பரா என்கிற ஒரே அறை, பின்னால் அவர்களே இழுத்துக் கட்டிய குசினி. அதற்கும் பின்னால் பத்து எட்டில் மாட்டுப்பட்டி. தகரக் கூரை, மூன்று பக்கமும் பலகை, இடுக்குகளில் உரச்சாக்கு திணித்திருந்தது. உள்ளே மூன்று ஜீவன்: லெச்சுமி என்கிற கறவை, அவளுடைய முந்தின ஈற்றுக் கிடாரி ராணி, இன்னும் பெயர் வைக்காத இரண்டு மாதக் கன்று.

எங்கள் ஊரில் பட்டி என்றால் வானமே கூரை. அம்மப்பாவிடம் முப்பது மாடு நின்றது. மாரியில் வயல் விதைத்ததும் காட்டோரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பகல் முழுக்க மேய்ச்சல், பொழுதுபட்டால் கம்படைத்த பட்டி. ராத்திரியில் மாட்டுக்குத் தீன் போடுகிற வழக்கமே கிடையாது. பகலில் தின்றதை ராத்திரியில் இரைமீட்க வேண்டியதுதான். இங்கே நிலமெல்லாம் தேயிலை. மாடு தேயிலைக்குள் இறங்கினால் தோட்டத்தில் பிரச்சினை, சரிவில் காலை விட்டால் பள்ளத்தில், விறகுக்காட்டுப் பக்கம் போனால் புலி. புலி என்று இவர்கள் சொல்வது சிறுத்தையை. அதனால் மாடு புல்லிடம் போவதில்லை, புல்தான் மாட்டிடம் வருகிறது. அதைக் கொண்டுவருவது நண்பனின் அம்மா.

அன்று காலை அம்மா கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய், மத்தியானம் வந்து, ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுவிட்டு (எனக்கு நாலு, அவருக்கு இரண்டு), கத்தியும் கயிறும் எடுத்தார். நானும் கூடப் போனேன். ஒரு கறவைக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைப் புல் வேண்டும் என்று நண்பன் சொன்னபோது அது எனக்கு ஒரு எண், அவ்வளவுதான். கானோரத்தில், அதாவது வடிகால் ஓரத்தில், முழங்கால் வழுக்குகிற சரிவில், ஒவ்வொரு பிடியாக அறுத்துக் கட்டும்போதுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது. நான் அறுத்தது ஒரு முயலுக்குப் போதும்.

அம்மா இரண்டு வகையாகக் கட்டினார். இளம் புல் ஒரு கட்டு, முற்றிய கினிப்புல்லும் மானாப் புல்லும் கலந்து இன்னொரு கட்டு. முற்றியதை ஏன் மெனக்கெட்டு அறுக்கிறார் என்று விளங்கவில்லை.

"இளசு பகலுக்கு தம்பி. பாலு வரும். முத்துனது ராத்திரிக்கு."

"ராத்திரிக்கு ஏன் முத்தினது?"

"அது வயித்துக்குள்ள கெடந்து வேகும். நமக்குக் கம்பளி மாதிரி அதுக்கு அது."

சொல்லிவிட்டுக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்குப் பின்னால் வரவே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலில் ஆறு அட்டை. உப்பு வைத்துக் கழற்றினோம். காலுறை முழுக்க இரத்தம். அந்த ஒரு சோடியைத்தான் கொண்டுபோயிருந்தேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கலும் அதற்கு முந்தின இரவும்

முதலில் இரவைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூன்று கம்பளி கொடுத்திருந்தார்கள். வீட்டில் மொத்தமே நாலுதான் இருந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. அப்படியும் ஒரு மணிக்கு விழித்துவிட்டேன். தகரத்துக்குக் கீழே வெறும் சாக்குச் சீலிங். தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் எலும்புக்குள் கேட்டது. போனில் 10 பாகை என்று காட்டியது. ஐரோப்பாவில் இருக்கிற சித்தப்பா சிரிப்பார். அவருக்கென்ன, வீட்டுக்குள் சூடாக்கி இருக்கிறது.

பின்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அம்மா பட்டியில் நின்றார். போன வாரம் பக்கத்து லயத்து நாயைப் புலி கொண்டுபோனதிலிருந்து இந்த நேரத்துக்கு ஒருமுறை எழும்பிப் பார்க்கிறாராம். நானும் உள்ளே போனேன். போனதும் என் மூக்குக்கண்ணாடி மூடுபனி போட்டதுபோல் மங்கிவிட்டது. உள்ளே அவ்வளவு சூடு. காம்பராவைவிட மாட்டுப்பட்டி சூடாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அம்மா ஒரு சாக்கைத் தந்தார். "கொஞ்ச நேரம் குந்துங்க தம்பி" என்றார். குந்தியவன் மூன்றரை வரை எழும்பவில்லை. அம்மா போய்ப் படுத்துவிட்டார், டோர்ச் லைட்டை என்னிடம் விட்டுவிட்டு.

ஒன்பது மணிக்குப் போட்ட முற்றின புல்லில் முக்கால்வாசி போயிருந்தது. லெச்சுமி காய்ந்த மானாப் படுக்கையில் முன்னங்கால்களை மடித்துப் படுத்திருந்தாள். கண் பாதி மூடி, வாய் மட்டும் வேலை செய்தது. வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். ஐம்பத்திரண்டு மெல்லல். நிறுத்தி விழுங்கினாள். நாலைந்து நொடி சும்மா. பிறகு கழுத்துத் தோலுக்குள் கீழிருந்து மேலே ஓர் உருண்டை ஓடியது, சேலைக்குள் எலி ஓடுவது போல. மறுபடி மெல்லல். ஐம்பத்தெட்டு. அடுத்தது ஐம்பத்தொன்று. மாடு இரைமீட்பதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்த உருண்டை ஏறுவதை அன்றுதான் பார்த்தேன்.

இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் குழிவான இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே ஏதோ பெரிதாகப் புரண்டு திரும்பியது. கை சுட்டது என்று சொன்னால் கூடுதல், ஆனால் விரல்களுக்கு உயிர் வந்தது.

காலையில் நண்பனிடம் சொன்னேன். அவனுக்கு அதுதானே பாடம், தொடங்கிவிட்டான். அந்த முதல் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கின்றனவாம். புளித்தால் சூடு வரும். நார் கூடிய முற்றின புல்லில் அந்தச் சூடு கூட. அதனால்தான் குளிர்காலத்தில் கடைசித் தீனை இருட்டிய பிறகு, நார்ப் புல்லாகப் போட வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாடு அசைபோடும், அதில் பெரும்பங்கு இரவில். படுத்திருப்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும், அசல் தூக்கம் நாலு மணி நேரம் அளவில்தான், அதுவும் துண்டு துண்டாக. கழுத்தைத் திருப்பி விலாவில் தலையை வைத்துக்கொண்டால் அதுதான் ஆழ்ந்த தூக்கம். நான் இருந்த இரண்டரை மணி நேரத்தில் ராணி அப்படி ஒருமுறை படுத்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். மூக்கிலிருந்து வந்த ஆவிகூட மெதுவாகியது.

"அம்மா இதையெல்லாம் படிக்கவே இல்லையே" என்றேன்.

"படிச்ச எனக்கு அந்தக் கட்டைத் தூக்க முடியாதே" என்றான்.

சரி, பொங்கல். லெச்சுமியின் பாலில், இஸ்தோப்பில் வைத்துப் பொங்கினோம், தூறலுக்கு முற்றம் சரிப்படவில்லை. பானை கிழக்கே வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "மட்டக்களப்புத் தம்பி எங்க?" என்று என்னைத் தேடிப் பிடித்து, தன் வீட்டுப் பொங்கலையும் இலையில் வைத்துவிட்டுப் போனார். இப்படி ஐந்து வீடு. ஐந்தாவது இலையில் நான் தோற்றேன். "மறுகா சாப்பிடுறன்" என்றேன். "பிறகு" என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான அந்த "மறுகா"வைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நாள் முழுக்க என்னை "மறுகா மாமா" ஆக்கிவிட்டார்கள். எங்கள் தயிரும் பந்தியில் வந்தது. பாதிதான் மிஞ்சியிருந்தது. ஆனால் கத்தியால் வெட்டுகிற மாதிரி நின்றது. என் அம்மா சொன்ன எருமை வேறுதான்.

இரவு ஒரு அநியாயம் செய்தேன். உதவுகிறேன் என்று சுடுதண்ணீர் கலந்த வாளியை நானே பட்டிக்குத் தூக்கிப்போய், வாசற்படியில் தடுக்கி, முழுவதையும் லெச்சுமியின் படுக்கையில் கொட்டிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஈரப் புல்லை எல்லாம் அள்ளி வெளியே போட்டு, நிலத்தைச் சாக்கால் ஒற்றி, நாளை மறுநாளுக்கு என்று பரணில் வைத்திருந்த காய்ந்த மானாவை இறக்கிப் பரப்பினார். இருபது நிமிட வேலை. அதுவரை லெச்சுமி நின்றுகொண்டே இருந்தாள். ஈரத்தில் அவள் படுக்கமாட்டாள். படுக்காவிட்டால் சரியாக அசைபோடமாட்டாள், நாளைக்குப் பாலில் தெரியும்.

"குளிரு ஒன்னுஞ் செய்யாது தம்பி. ஈரந்தான் செய்யும்" என்று கடைசியில் சொன்னார், எனக்கு ஆறுதலாகவா குற்றப்பத்திரிகையாகவா தெரியவில்லை. நண்பனும் அதைத்தான் சொன்னான். ரோமம் காய்ந்து, வயிறு நிறைந்திருந்தால் வளர்ந்த மாடு தண்ணீர் உறைகிற குளிரையும் தாங்கும். தோல் வரை நனைந்துவிட்டால், நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற குளிரே அதைத் தின்னும். தை, மாசியில் வானம் வெளித்த இரவுகளில் இங்கே புல்லில் வெள்ளையாக உறைபனி விழும். தேயிலைக் கொழுந்து கருகும், ஆனால் அந்தக் காய்ந்த குளிருக்கு லெச்சுமி அசைய மாட்டாளாம். இந்தத் தூறலும் காற்றும்தான் பயம். கன்றுக்கு இன்னும் பயம், அதன் வயிறு இன்னும் அடுப்பாகவில்லை.

ஜனவரி 16, செவ்வாய். மாட்டுப் பொங்கல்

நாங்கள் சொல்வது பட்டிப் பொங்கல். விடியவே மாட்டைக் குளத்தில் இறக்கி, வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். இங்கே அம்மா விடியலில் மாட்டைத் தொடவே இல்லை. காலைப் பால் கறந்து, ஆறரைக்குப் பால் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்து எழுதினார்கள். ஏழு லீற்றர் சொச்சம். முந்தின நாள் எட்டுக்கு மேல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெயில் எட்டிப் பார்த்தபோது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் வெந்நீர். அதுவும் ஊற்றவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து ஒரு பக்கமாகத் துடைத்து, உடனே காய்ந்த சாக்கால் தேய்த்து, ரோமம் எழும்பி நின்ற பிறகுதான் மறுபக்கம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. மஞ்சள், குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. லெச்சுமி மாலையைத் தின்றாள். ராணி லெச்சுமியின் மிச்ச மாலையைத் தின்றாள்.

பொங்கலை ஒரு கைப்பிடி மட்டும் ஊட்டினார். நான் இன்னொரு பிடி எடுத்தேன். "வேணாம், சோறு கூடுனா வயிறு கெடும்" என்று தடுத்து, அந்தப் பிடியை என் வாயில் வைத்துவிட்டார்.

ஜனவரி 17, புதன். ஹோட்டன் சமவெளி

விடிய மூன்றரைக்குப் புறப்பட்டோம். பட்டிப்பொல வழியாக ஏறும்போது வான் வண்டியில் ஒரு சுற்றுலாக் குடும்பமும் இருந்தது. அவர்கள் ஹீட்டரைப் போடச் சொல்ல, சாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டு "அவ்வளவுதான் இருக்கு" என்றார்.

வாசலில் பொலித்தீன் விடமாட்டார்கள். எங்கள் ரொட்டிப் பொதியைப் பிரித்துப் பேப்பரில் சுற்றித் தந்தார்கள். சுற்றித் தந்தவர் மரியாதையாகத்தான் செய்தார், ஆனால் சம்பல் பேப்பரோடு ஒட்டிவிட்டது. பேப்பரோடே தின்றோம்.

"உலக முடிவு" என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் புகாரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் பார்க்க வந்தது மரைகள் என்கிற பெரிய மான்களை. விடிகிற நேரத்தில், காட்டோரமாகப் புல்வெளியில், பத்துப் பன்னிரண்டு நின்றன. சில படுத்திருந்தன, வாய் மட்டும் அசைந்தது. அதே மெல்லல். தகரம் இல்லை, சாக்கு இல்லை, ஒன்பது மணிக்குப் புல் போட ஆளும் இல்லை. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, காற்று மறைகிற பள்ளத்தில் நெருங்கிப் படுத்திருந்தன. முதுகு ரோமத்தில் பனித்துளி நின்றது, உள்ளே இறங்கவில்லை.

திரும்பும் வழியில் நண்பன் சாமுவேல் பேக்கரைப் பற்றிச் சொன்னான். 1848 இல் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை உண்டாக்கக் கிளம்பிய வெள்ளைக்காரர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் மாடும் செம்மறியும் கொண்டுவந்தவர், அதே ஆள் வேட்டை நாய்களோடு இந்த மரைகளைத் துரத்தியுமிருக்கிறார். ஒரு கையால் வளர்ப்பு, மறுகையால் வேட்டை.

இரவு மறுபடி பட்டியில் போய்க் குந்தினேன். இந்தமுறை அம்மா வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஜனவரி 18, வியாழன். இறக்கம்

வெறுஞ்சட்டியைத் திருப்பித் தரமாட்டேன் என்று அம்மா அடம்பிடித்தார். சட்டிக்குள் லீக்ஸ், ஒரு பொதி தூள் தேயிலை, மேலே இரண்டு கரட். கரட் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். கந்தப்பளைத் தோட்டக்காரர்கள் கரட் பாத்திக்கு இரவுக் காவல் இருக்கிறார்களாம். "இதைப் பஸ்ல வெளிய காட்டாதீங்க தம்பி" என்றார், பகிடியாகத்தான்.

சுவெற்றரில் மாட்டு வாசம். பதுளை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு வேறு சீற்றுக்கு மாறினார். பிபிலையில் சுவெற்றரைக் கழற்றினேன். மகாஓயாவில் மழை பிடித்தது, நல்ல கொட்டல். அது விடும்போது இருட்டிவிட்டது.

கரடியனாற்றுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ரோட்டில் மாடுகள். இரு பக்கமும் நிலம் சேறாகத் தளும்பியது. தார் மட்டும் ஏற்கெனவே காய்ந்து, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டில் அத்தனை வாயும் அசைவது தெரிந்தது. சாரதி ஹோனில் கை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இறங்கிப் போய், முன்னால் கிடந்த கிழட்டுப் பசுவின் முதுகில் தட்டினேன். ரோமம் காய்ந்திருந்தது. பின்னங்காலை ஊன்றி எழுந்து, சேற்றுக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்து, காலை எடுத்துக்கொண்டு, ரோட்டின் ஓரமாகவே பத்து எட்டு நடந்து மறுபடி படுத்தது.

"ஏறு தம்பி, நேரமாகுது" என்றார் நடத்துநர்.